கல்யாணிக்கு நடுவே ஒரு தண்ணீர் லாரி

குழந்தை தப்பாகப் பாடினால் திருத்த வேண்டும். சரி. அந்தத் தப்பு என் அம்மாவாக இருந்தால்?

போன வாரம் நிலாவின் பாட்டு டீச்சர் போன் செய்தார். நிலா என் மகள், ஐந்து வயது. (நானும் மேடையில் பாடுகிறவள்தான். சொந்தப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் பொறுமைதான் இல்லை.)

"வீட்ல கேட்டதுன்னு ஒரு கல்யாணி ராகக் கீர்த்தனை பாடினாம்மா. அழகா வருது, நவராத்திரி கொலுவுல பாட வெச்சிடலாம்... ஆனா நடுவுல யாரையோ திட்றாளே?"

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கேசட்!

கச்சேரி முடிந்ததும், பிடித்த பதிவு எது என்று கேட்பார்கள். பெரிய பெரிய பெயர்களாகச் சொல்லி வைப்பேன். உண்மையில், அப்பா ரேடியோவிலிருந்து பிடித்த கேசட்டுகள்தான். துறைமுகத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்து, ராயபுரம் வீட்டில் ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, சிவப்புப் பட்டனை அழுத்துவார். அப்புறம் வீட்டில் யாரும் தும்மக்கூடக் கூடாது. ஆனாலும் எல்லாம் பதிவாகியிருக்கும் – குக்கர் விசில், கன்டெய்னர் லாரி ஹாரன்... ஒரு தோடியில், கேசட்டைத் திருப்பிப் போட்ட நேரத்தில் ஒரு வரியே போய்விட்டது. அப்படி ஒரு வரி இருப்பதே இசைக் கல்லூரியில்தான் எனக்குத் தெரிந்தது!

இந்தக் கல்யாணியில், அனுபல்லவியில் வித்வான் மேல் ஷட்ஜத்தில் நின்று, மெல்ல இறங்குகிறார். அங்கேதான் அம்மா நுழைகிறாள்.

"இன்னாய்யா, தண்ணி லாரி வந்து நிக்குது, நீ பாட்டு கேட்டுகினு குந்திகினுகீற?"

"ஷ்ஷ்... ரெக்கார்டு ஆவுது!"

"ஆவட்டும். அதையே கொடத்துல புடிச்சிக் குடி!"

வித்வான் அசரவில்லை. அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்.

அம்மா இப்போது இல்லை. நிலா தன் ஆயாவைப் பார்த்ததே இல்லை. என் கல்யாண வீடியோவில் அம்மா பேசும் இடத்திலெல்லாம் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். அவள் குரல் மிஞ்சியிருப்பது இந்தக் கேசட்டில் மட்டும். அதைப் போனில் ஏற்றி வைத்திருக்கிறேன். அது ஓடினால்தான் நிலா தூங்குவாள்.

ஆனால் கொலுவில் நாலு பேர் சிரித்தால்? ஒருமுறை யாராவது சிரித்துவிட்டால் அப்புறம் வாயே திறக்காத ரகம் என் பெண். பயந்துபோய், அதே வித்வான் அதே கீர்த்தனையைப் பாடிய சுத்தமான பதிவைத் தேடிப் பிடித்துப் போட்டுக் காட்டினேன்.

"இதே மாதிரி பாடு கண்ணு."

பாடினாள். மேல் ஷட்ஜத்தில் நின்றாள். இறங்கினாள். நிறுத்திவிட்டாள்.

"ஏன்டா நிறுத்திட்ட?"

"இரும்மா... ஆயா இன்னும் பேசல."

அன்றைக்கு அதற்கு மேல் சொல்லித்தர என்னால் முடியவில்லை.

டீச்சருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பிள்ளையைத் திருத்தியவர்கள், திருத்தாமல் விட்டவர்கள் – இரண்டு பேருமே எனக்கு எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம்... கொலுப்படி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.