சுயாபா மேசை மாறினாள்

பன்றி இறைச்சி ஆலையில் சுயாபாவின் கத்திக்கு நல்ல பெயர். எலும்பில் துளி சதை ஒட்டாமல் எடுப்பாள். ஆலை அவளை நிரந்தரமாக்கிக் கடிதமும் கொடுத்துவிட்டது. மானிட்டோபா மாகாணம் பரிந்துரைத்தால் கனடாவிலேயே தங்கிவிடலாம். ஹோண்டுராஸில் இருக்கும் கணவனையும் மகளையும் அழைத்துக்கொள்ளலாம்.

குறுக்கே நின்றது ஆங்கிலத் தேர்வு. படிப்பது, எழுதுவது, பேசுவது மூன்றிலும் தேறியவள், கேட்டுப் புரிந்துகொள்வதில் இரண்டாம் முறையும் கோட்டைவிட்டாள். வேலை அனுமதி முடிய ஏழு மாதமே இருந்தது.

ஆங்கிலம் காதில் விழ வழியே இல்லை. வேலை நேரம் முழுக்க இரைச்சலுக்குப் பயந்து காதை அடைத்திருப்பாள். சாப்பிடும்போதோ சுற்றிலும் தன் நாட்டுக்காரிகளின் ஸ்பானிஷ்.

ஒரு திங்கட்கிழமை, சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோர மேசைக்குப் போனாள். அங்கே டார்லீன் தனியாகச் சாப்பிடுவாள். உள்ளூர்க்காரி, எரிந்து விழுகிறவள் என்று பெயர்.

"ஏண்டி, எங்க சாப்பாடு நாறுதா?" பழைய மேசையிலிருந்து ஒனெய்டா குரல் கொடுத்தாள்.

சுயாபாவுக்கு முகம் சுட்டது. ஆனாலும் திரும்பவில்லை. "இங்க உக்காரலாமா?" என்றாள்.

"நாற்காலி என் வீட்டுது இல்ல," என்றாள் டார்லீன்.

நான்கு நாள் பேச்சே இல்லை. ஐந்தாம் நாள் சுயாபா தன் தேர்வுக் கதையைத் திக்கித் திணறிச் சொன்னாள்.

"கேக்கறதுல ஃபெயிலா? எனக்கு இடது காதே கேக்காது. நல்ல ஜோடிதான் போ."

அதன்பின் டார்லீன் வாய் ஓயவில்லை. குழாய் உறைந்தது, தங்கை காரை விற்றது, தனக்குப் பல் பிடுங்கியது என்று கொட்டுவாள். நடுவில் நிறுத்தி, "இப்ப நான் என்ன சொன்னேன்?" என்பாள்.

"உங்க தங்கச்சி பல்லை வித்துட்டாங்க," என்றாள் சுயாபா ஒருமுறை. டார்லீன் சிரித்த சிரிப்பில் காபி மேசையெல்லாம் சிந்தியது.

மார்ச்சில் மூன்றாம் முறை எழுதினாள். தேறிவிட்டாள், வேண்டியதைவிட ஒரு படி மேலேயே.

மறுநாள் ஒனெய்டா டப்பாவோடு வந்து நின்றாள். "கொஞ்சம் நகருடி. எனக்கும் அடுத்த மாசம் பரீட்சை."

மே மாதம் மாகாணத்தின் பரிந்துரை வந்தது. நிரந்தர வசிப்புரிமைக்கான விண்ணப்பத்தில் கணவன் பெயரையும் மகள் டானியாவின் பெயரையும் ஏற்றிவிட்டு ஊருக்கு ஃபோன் போட்டாள்.

"முடிவு வர இன்னும் நாளாகும். நீ இப்பவே உன் காலை அளந்து சொல்லு, பனிக்குப் பூட்ஸ் பாக்கணும்," என்றாள் மகளிடம்.