ரோஜாப்பூ அடைத்த இடம்

ஹாஜிரா பீக்கு ஸ்ரீரங்கன் சார் எண்ணூறு ரூபாய் தரவேண்டியிருந்தது. ஒரு பாட்டுக்கு.

தி.நகரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இந்த மாணிக்கவாசகம் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன், டீ கிளாஸ் கழுவியவன், இன்றைக்கு மூன்று அச்சு மிஷினுக்கு முதலாளி. கண்ணீர் அஞ்சலி கார்டு என்றால் மயிலாப்பூர்க்காரர்களும் என்னிடம்தான் வருவார்கள். அதற்குப் பாட்டு எழுதுவது சிந்தாதிரிப்பேட்டை ஹாஜிரா பீ. புருஷன் போனபின் தையலும் பாட்டும்தான் அவர் அடுப்பை எரியவைத்தன. இறந்தவரின் பெருமையெல்லாம் விசாரிக்க மாட்டார். "வூட்ல எதுக்கு சண்ட வரும்?" என்றுதான் கேட்பார்.

மறுநாள் ஜெயலக்ஷ்மி அம்மாளுக்கு வருஷாப்திகம், முதல் வருஷத் திதி. என் கடையில் மாதிரித் தாளைப் பார்த்ததுமே அவர் கணவர் ஸ்ரீரங்கன் சாருக்கு முகம் சிவந்துவிட்டது.

மூக்குக் கண்ணாடியை எங்கே வெச்சே?
காபிப்பொடியை எங்கே வெச்சே?
பீரோ சாவியை எங்கே வெச்சே?
என்னை எங்கே வெச்சே?

"நாப்பது வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்கு இதுவா? அஞ்சலியா, அதட்டலா? காசு கிடையாது, போம்மா!"

ஹாஜிரா பீ எழுந்திருக்கவில்லை. வீட்டில் சிலிண்டர் தீர்ந்திருந்தது. அந்தக் காசு இல்லாமல் அவர் போக முடியாது.

"நெலா, தேனுன்னு வேற எழுதித் தரவா சார்? அஞ்சு நிமிசம். ஆனா அது எவன் பொண்டாட்டிக்கும் ஒட்டும்."

"என்ன திமிர்!"

ஹாஜிரா பீ தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நைனா, இந்த ரோசாப்பூ யார் வெச்சது?"

"நான்தான். வரிக்கு வரி எடம் சும்மா கெடந்துச்சு. மாணிக்கவாசகம் கடைல ஒரு இஞ்ச் வீணாகாது!"

"அது அம்மா பதில் சொல்ற எடம். அத்தப் போய் பூ வெச்சி அடச்சிட்டியே."

பூக்களை எடுத்துவிட்டு இன்னொரு தாள் அடித்துக் கொடுத்தேன்.

"சத்தமா படிங்க சார். வூட்ல கத்துற மாரி."

வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார். இரண்டாம் வரியில் குரல் உயர்ந்தது. கூடத்திலிருந்து சமையலறைக்குக் கேட்கவேண்டிய குரல். மூன்றாம் வரி முடிந்ததும் நின்றுவிட்டார். கண் தாளில் இல்லை. காது கொடுத்துக்கொண்டிருந்தார். மிஷினை நிறுத்தினேன். கடைசி வரியை அவர் படிக்கவே இல்லை.

"பூ வேண்டாம். இப்படியே அடிங்கோ."

பூவே இல்லாமல் அஞ்சலி கார்டு அடிக்க இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தைரியம் உண்டு.

பிறகு பர்ஸைத் தேடினார். சட்டைப் பையில் இல்லை, "எங்கே வெச்சேன்" என்று முனகினார். மஞ்சள்பைக்குள் இருந்தது. ஹாஜிரா பீ கையை விரித்து நீட்ட, நூறு நூறாக எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்தார்.