நான் வாசித்துக் காட்டிய பத்திரம்

இருபத்திரண்டு வயதில் என்னைக் குத்தகைதாரர் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். கும்பகோணத்தில் பி.காம். முடித்திருந்தேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. சென்னையில் ஆட்சி மாறி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. குத்தகைக்கு உழுகிறவர் தன் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. பதிந்துவிட்டால் மிராசுதார் நினைத்தபோது நிலத்தை விட்டு இறக்க முடியாது. எங்கள் ஊரில் பதினெட்டுக் குடும்பங்கள் ஒரே மிராசுதாரின் நிலத்தைச் சாகுபடி செய்தோம். எல்லாம் வாய்ப்பேச்சு. களத்தில் நெல் அளந்ததற்கு ஒரு ரசீதுகூடக் கிடையாது.

அந்த வருஷம் யாருக்கும் நிலைகொள்ளவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊரில் அறுவடைத் தகராறில் இரண்டு பேருக்கு அரிவாள் வெட்டு விழுந்து, போலீஸ் வந்து தங்கியிருந்தது. நான் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். எங்கள் ஊரில் ரத்தம் சிந்தாமல் இது முடியவேண்டும் என்ற ஒரே நினைப்பு.

அப்போதுதான் மிராசுதாரின் காரியஸ்தர் என்னைத் தேடி வந்தார். தாலுகா ஆபீசெல்லாம் எதற்கு, முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வோம் என்றார். ஐந்து வருஷத்துக்கு யாரையும் இறக்கமாட்டார்கள்; நாங்கள் பதிவுக்கு மனுப் போடக்கூடாது. கல்லூரியில் ஒப்பந்தச் சட்டம் படித்தவன் நான். ஒருவர் முன்வைக்க, மற்றவர் ஏற்க, இரண்டு பக்கமும் ஏதோ கொடுத்து ஏதோ பெற வேண்டும். எல்லாம் பொருந்தியிருப்பதாகப் பட்டது. வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று அவர் சொன்னதும் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று. மூன்று நாள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்து எழுதிய முத்திரைத்தாள் அடுத்த வாரம் வந்தது, வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்ற சொல்லோடு.

களத்தில் எல்லோரையும் கூட்டி வாசித்தேன். கீழத்தெருவில் ஆறு மா நிலத்தைத் தனியாகச் சாகுபடி செய்துவந்த ஒரு அக்கா மட்டும் கேட்டார்:

"நல்ல பத்திரம்னா ஏன் தம்பி இந்த வெள்ளிக்கிழமைக்குள்ளயே வேணும்னு நிக்கிறாங்க?"

நல்ல நாள் பார்த்திருப்பார்கள் என்றேன். கூடிவருகிற காரியத்தில் சந்தேகம் கிளப்பவேண்டாம் என்றும் சொன்னேன். மற்றவர்கள் பேசவில்லை. தங்களுக்கும் உறுத்தலாக இருந்தது என்று பின்னால் நான்கைந்து பேர் சொன்னார்கள். படித்தவன் சொல்கிறான், மற்றவர்களும் சும்மா இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அக்கா மட்டும் ரேகை வைக்காமல் எழுந்து போனார். பத்துப் பேர் ரேகை வைத்தார்கள். ஏழு பேர் கையெழுத்துப் போட்டோம்: நானும், சங்கத்தில் நான் பெயர் எழுதப் பழக்கிய ஆறு பேரும். அந்த ஆறு பேருக்கும் தங்கள் பெயரைத் தவிர வேறு எழுத்துத் தெரியாது.

அடுத்த குறுவைக்கு நாற்று விடப் போனபோது காரியஸ்தர் வரப்பில் நின்று, இனிமேல் எல்லோருக்கும் தினக்கூலிதான் என்றார். கையெழுத்தானதும் காரியஸ்தர் எடுத்துப்போய்ப் பின்னால் திருப்பிக் கொடுத்த எங்கள் பிரதியோடு மாயவரத்துக்கு ஓடினேன். வக்கீல் ஒரு வரியில் விரலை வைத்தார். 'குத்தகைதாரர்களாகச் சாகுபடி செய்துவருகிறோம்' என்று நான் எழுதியிருந்த இடத்தில், 'பண்ணை வேலையாட்களாகச் சாகுபடி செய்துவருகிறோம்' என்று இருந்தது.

களத்தில் நான் 'குத்தகைதாரர்களாக' என்று வாசித்ததை அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். அப்படியானால் தாளை மாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். ஒரு மாதம் அலைந்தேன். முத்திரைத்தாள் விற்றவரைப் பார்த்தேன், எழுதியவரைத் தேடினேன், மசியின் நிறத்தைக்கூட வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எனக்குச் சாதகமாக ஒன்று கிடைத்தால் ஊரெல்லாம் சொன்னேன்; பாதகமாகக் கிடைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. உண்மையில் தாள் அதேதான். அந்த வரி இருந்த பக்கத்தின் ஓரத்துக் காப்பிக் கறை, களத்தில் வாசிக்கும் முன்பே நான் சிந்தியது. அன்று கண் தாளின் மேல் ஓடியிருக்கிறது, வாய் என் வாசகத்தைச் சொல்லியிருக்கிறது.

படிக்கத் தெரியாதவருக்கு ஒன்றைப் படித்துக் காட்டி வேறொன்றில் ரேகை வாங்கினால் அது அவர் கொடுத்த சம்மதம் ஆகாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதைக் கூட்டத்தில் நான் இழுத்து இழுத்துச் சொன்னேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாளை மாத்துனாங்கன்னா நிரூபிக்கணும் தம்பி. நீங்க தப்பாப் படிச்சீங்கன்னா, சொன்னாப் போதும்."

பதினெட்டுப் பேரும் பதிவுக்கு மனுப் போட்டோம். விசாரணை நாளில் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் நிற்கமுடியாமல் நடந்துகொண்டே இருந்தேன். மிராசுதார் தரப்பு வக்கீல் சிரித்தபடியே கேட்டார்: "பி.காம். படிச்சவரு, நாலு பக்கத் தாளைத் தப்பாப் படிச்சீங்களா?"

"ஆமாங்க. நான் எழுதிக் கொடுத்ததைத்தான் படிச்சேன். தாள்ல இருந்ததைப் படிக்கல."

பின்னால் ஊர் முழுக்க நின்றது. காது மடல் சுட்டது.

ரேகை வைத்த பத்துப் பேருக்கும் பதிவு கிடைத்தது. அக்காவின் மனுவில் எதிர்ப்பே நிற்கவில்லை. கையெழுத்துப் போட்ட ஏழு பேருடைய மனு தள்ளுபடி ஆனது. பெயர் எழுதத்தான் தெரியும், படிக்கத் தெரியாது என்று ஆறு பேருக்காகவும் சொல்லிப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டவர் படித்துத்தான் போட்டிருப்பார் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. வெளியே வந்ததும் அவர்களில் ஒருவர் என்னிடம், "எழுதத் தெரியாமலே இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே ஊருக்குப் போனார்.

மேல்முறையீட்டுக்கு வாய்தா வாய்தாவாக அலைந்தோம். கடைசியில் நான்கு பேருக்குக் கிடைத்தது. இரண்டு பேர் நடுவிலேயே சலித்து நிலத்தை விட்டார்கள். நடந்தே போனவர் அவர்களில் ஒருவர். என் நிலமும் போயிற்று. அதில் எனக்கு வாதம் ஏதும் இல்லை. எனக்குப் படிக்கத் தெரியும்.

செயலாளர் பதவியை விட்டேன். அக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். சங்கத்துக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லாமல், இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார். இரண்டும் ஒத்திருந்தால்தான் ரேகை வைப்பார். நாகப்பட்டினத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்துக் கிளம்பும்வரை, அந்த இரண்டு பேரில் ஒருவனாக என்னையும் வைத்திருந்தார். நான் ஒவ்வொரு சொல்லின் மேலும் விரலை நகர்த்தி வாசிப்பேன். அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார், விரலைத்தான் பார்ப்பார்.