வலது கைக்கு ஒரு கையுறை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது எனக்கே நடந்தது. போன ஜனவரியில், ஹெல்சிங்கிக்கு வெகு வடக்கே குவூசமோ பனிக்காட்டில், பட்டப்பகலில்.

கழுகைப் படம் எடுக்கப் பலகைக் குடிலுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தேன். சுவரில் ஒரு ஓட்டை. அதில் பொருத்திய துணிக்குழாய் வழியாக லென்ஸ் மட்டும் வெளியே நீட்டியிருக்கும். இருட்டும்வரை ஆள் வெளியே வரக்கூடாது. கழுகு பார்த்துவிட்டால் அந்தக் குளிர்காலம் முழுக்கத் திரும்பாது. காலையில் இறக்கிவிடும்போதே குடில்காரர் தைஸ்தோ கிண்டலடித்தார்.

"விரல் பத்திரம்டா இல்போ. போன தடவை மாதிரி ஹெல்சிங்கிப் பட்டணத்துக்காரனாட்டம் அழுது வைக்காத!"

சிரித்து வைத்தேன். உள்ளூரப் பயம்தான். என் வலது கை ஏற்கெனவே ஒருமுறை குளிரில் உறைந்து கறுத்துப் பிழைத்தது. மறுபடி உறைந்தால் விரல்களை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

11.05. கழுகு இறங்கியது. பதற்றத்தில் காபியைக் கொட்டிவிட்டேன். வலது கையுறை முழுக்க நனைந்தது. மைனஸ் முப்பத்தொன்று. பத்தே நிமிடத்தில் அது பலகையாக விறைத்தது. கேஸ் அடுப்பும் அணைந்துபோனது. செல்போனும் குளிரில் செத்துவிட்டது. புத்திகெட்டவன், மாற்றுக் கையுறை கொண்டு வரவில்லை.

கையை அக்குளில் இடுக்கிக்கொள்வேன். கழுகு அசைந்தால் எடுத்து இரண்டு படம். மறுபடி அக்குள். ஆசை யாரை விட்டது?

11.52. லென்ஸில் உறைபனி படர்ந்தது. துடைப்பதற்காகத் துணிக்குழாய்க்குள் வெறுங்கையை விட்டேன். விரலில் உணர்ச்சியே இல்லை...

வெளியே யாரோ என் கையில் கையுறை மாட்டினார்கள்.

வெடுக்கென்று இழுத்தேன். சாம்பல் நிறக் கம்பளி. உள்ளே கதகதப்பு... இப்போதுதான் ஒரு கை கழற்றியது போல.

ஓட்டை வழியே பார்த்தேன். பனி. காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. கழுகு பறக்கவும் இல்லை.

கழற்றி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. விரல்களுக்கு உயிர் திரும்பிக்கொண்டிருந்தது.

12.40. சர்ர்... சர்ர்...

லென்ஸை ஒட்டி ஒரு கை உள்ளே வந்தது.

வலது கை. வெறுங்கை. மெழுகாக வெளுத்திருந்தது.

உள்ளங்கையை விரித்தது. காத்திருந்தது.

வெளியே ஓட முடியாது. வெளியேதான் அது நின்றது.

எதைக் கேட்கிறது என்று தெரியும். நான் கொடுக்கவில்லை.

3.20. தைஸ்தோவின் ஸ்னோமொபைல் வண்டிச் சத்தம். கை மெல்ல மடங்கியது... போய்விட்டது.

தைஸ்தோ கதவைத் திறந்தார். என் கையைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"எங்கடா கிடைச்சுது இது?"

சொன்னேன். பனியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரௌனோவோடதுடா. அவன் பொண்டாட்டி பின்னினது. ஆறு வருஷம் முன்னாடி, இதே குடில்ல, கூட இருந்தவனுக்கு விரல் விறைச்சுப்போச்சுன்னு கழட்டிக் குடுத்தான். அந்தப் பாவி சாயங்காலம் திருப்பித் தராமயே கிளம்பிட்டான். ரௌனோ கேட்டுக்கிட்டே பின்னால ஓடி... வழி தப்பி விறைச்சுப்போயிட்டான்."

"அப்ப கையுறை அவன்கிட்ட..."

"இல்லடா. ரௌனோ சாவுக்கு அந்தப் பாவியே அழுதுகிட்டே கொண்டாந்து குடுத்தான். நானே ரௌனோ கையில மாட்டிவிட்டேன். அதோடதான் புதைச்சோம்."