பஸ் வாசலில் விட்டுவந்த ஷூ

இந்த ஊரில் ராத்திரி பஸ்ஸில் ஏறும்போது செருப்பைக் கழற்ற வேண்டும். சைகோனிலிருந்து டாலாட் என்கிற மலையூருக்குப் போகும் பஸ்ஸைச் சொல்கிறேன். உள்ளே உட்கார இருக்கையே கிடையாது. மூன்று வரிசையாகக் கீழும் மேலும் படுக்கைகள், தரை முழுக்க விரிப்பு. வாசலில் நிற்கும் ஆள் எல்லோருக்கும் ஒரு பிளாஸ்டிக் பை நீட்டுவார். கழற்றியதை அதில் போட்டு, கையோடு எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட வேண்டும். நான்கு வருஷமாக இங்கே ஒரு ஷூ தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். இதெல்லாம் எனக்கு எப்போதோ பழகிப்போய்விட்டது. அதனால்தான் நைனாவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

நைனா என்றால் என் அப்பா. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறிச் சத்தம் கேட்கும், எங்கள் வீட்டில் மட்டும் விசில். முப்பது வருஷம் கண்டக்டர் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வாலாஜாபாத் பஸ்ஸில் பாதி, தாமல் பக்கம் பாதி என்று அவர் காலம் போனது. முகூர்த்த மாசத்தில் பட்டு எடுத்துக்கொண்டு போகிறவர்கள் புடவைப் பையை மடியைவிட்டு இறக்க மாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நின்றபடியே யார் டிக்கெட் வாங்கவில்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். நான் மின் என்கிற இந்த நாட்டுக்காரரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள விரும்புகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, அம்மா இரண்டு நாள் அழுதுவிட்டு, அவர் சோறு சாப்பிடுவாரா என்று கேட்டாள். சாப்பிடுவார் என்றதும் சமாதானமாகிவிட்டாள். நைனா மட்டும் பிடிகொடுக்கவில்லை.

"ஆள நேர்ல பாக்காம நான் யாருக்கும் டிக்கெட் கிழிச்சதில்லமா. வந்து பாத்துட்டு சொல்றேன்."

சொன்னபடி வந்துவிட்டார். மின் எங்கள் தொழிற்சாலையில் மெஷின் மெக்கானிக். அப்பா இல்லை. அம்மா டாலாட்டில் பூத்தோட்டம் வைத்திருக்கிறார். மின் முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டதால் நைனாவும் நானும் மட்டும் பஸ்ஸில் கிளம்பினோம். சம்பந்தியம்மாவுக்கு அம்மா கொடுத்தனுப்பிய பட்டுப்புடவை நைனாவின் மடியில் இருந்தது. காலில் புத்தம்புது கறுப்பு ஷூ. வாழ்க்கையிலேயே அவர் போட்ட முதல் ஷூ அது, இந்தச் சந்திப்புக்காகவே வாங்கியது. இரண்டு நாளில் அவருக்குத் திரும்பும் விமானம். சரி, இல்லை, இரண்டில் ஒன்று டாலாட்டில் தெரிந்துவிடும். எனக்குப் பயத்தில் தூக்கம் போயிருக்க வேண்டும். ஆனால் காரணமே இல்லாமல் சிரிப்பு சிரிப்பாக வந்துகொண்டிருந்தது.

"படுத்துக்கினே போவாங்களா? இன்னாமா இது, ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது!"

நான் முதலில் ஏறி எங்கள் படுக்கைகளைத் தேடிப் பிடித்தேன். அவர் சற்றுப் பின்னால் வந்தார். இந்தப் படுக்கைகளில் நம் கால்கள், முன்னால் படுத்திருப்பவரின் தலைக்குக் கீழே இருக்கும் ஒரு பெட்டிக்குள் போக வேண்டும். நைனாவுக்கு முன்னால் படுத்திருந்தது ஒரு புத்த பிக்கு. "சாமியார் தலைக்குக் கீழ காலை நீட்ட சொல்றியே, நல்லாவா இருக்குது?" என்று சொல்லி, புடவைப் பையைக் கட்டிக்கொண்டு முழங்காலை மடக்கியே படுத்தார். மலைப்பாதை வந்ததும் ஒவ்வொரு வளைவிலும் டிரைவருக்குத் தமிழில் யோசனை சொன்னார். விளக்கை அணைத்த பிறகும் எழுந்து தலைகளை எண்ணினார். "முப்பத்தி நாலு. சரியா இருக்குது" என்று யாரோ கேட்டதுபோல எனக்குச் சொன்னார். நான் போர்வையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். பக்கத்துப் படுக்கைப் பெண் எனக்கு வயிற்றுவலி என்று நினைத்து ஒரு தைல பாட்டிலை நீட்டினாள்.

வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். இறங்குகிற இடத்தில் ஒரு கூடை நிறைய நீல பிளாஸ்டிக் செருப்புகள். எல்லோரும் கைக்குக் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு போய்வந்து, மறுபடி கூடையில் போட்டுவிட வேண்டும். நைனா சூப்பில் நூடுல்ஸை மீன்பிடிப்பதுபோல் பிடித்துச் சாப்பிட்டார். திரும்பி ஏறும்போது செருப்பைக் கூடையில் போட்டுவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார்.

"நம்ம ஷூவ எப்பமா குடுப்பாங்க?"

"உங்க ஷூ உங்ககிட்டதானே இருக்குது நைனா? எங்க வச்சீங்க?"

"சைகோன்லதான். எல்லாரும் கழட்டினாங்க, நானும் கழட்டி, பஸ்ஸுக்கு வெளிய ஓரமா ஜோடி சேத்து வச்சேன். கோயில்ல வுடற மாதிரி."

"பை குடுத்தாரே ஒருத்தர்?"

சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த பிளாஸ்டிக் பையை எடுத்துக் காட்டினார். "மலை ஏறப்போவுதே, வாந்திக்கு குடுக்கறான்னு நெனச்சேன். எனக்கு எதுக்குப்பான்னு சிரிச்சிக்கினே வாங்கி வச்சேன்."

எங்கள் ஊரில் நாலு தெரு நடந்தால் ஒரு கோயில். வாசலில் விடுவோம், உள்ளே போய்ச் சுற்றிவிட்டு அதே வாசலுக்கு வருவோம், செருப்பு அங்கேயே இருக்கும். அதுவரைக்கும் சரி. ஆனால் முப்பது வருஷம் பஸ்ஸிலேயே காலம் தள்ளிய மனுஷன், பஸ் கிளம்பிப் போகும் என்பதை மறந்துவிட்டார்! ஒரு நாளைக்கு அத்தனை ஜோடி ஷூவைப் புரட்டிப் பார்க்கிறவளின் அப்பாவுக்குக் காலில் ஒன்றுமில்லை. நான் படியிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். நைனா சிரிக்கவில்லை.

"வெறுங்காலோட நான் சம்மந்தி வூட்டுக்கு வரமாட்டேம்மா. பொண்ணோட அப்பன் இப்படித்தான் வருவானான்னு கேப்பாங்க. அங்க போனதும் வேற பஸ் புடிச்சி திரும்பிடலாம்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. நைனா விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. என் பையிலிருந்து என் ஷூவை எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன், அவருடைய கட்டைவிரல்கூட நுழையவில்லை. டாலாட் வந்தபோது விடிந்தும் விடியாமல் இருந்தது. ஒரு கடையும் திறக்கவில்லை. குளிர் நடுக்கியது. காலமெல்லாம் "சீக்கிரம் எறங்குபா, எறங்கு" என்று மற்றவர்களைத் துரத்தியவர், கடைசிப் பயணியாக உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"நீ போயி, உடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

அதற்குள் மின்னும் அவர் அம்மாவும் பஸ் வாசலுக்கே வந்துவிட்டார்கள். அந்தம்மா தோட்டத்திலிருந்து நேரே வந்திருக்கிறார் போலும். பூப்போட்ட வீட்டு உடுப்பு, சேறு படிந்த ரப்பர் பூட்ஸ். "ஸின் சாவ்" என்று கும்பிட்டவரின் பார்வை நைனாவின் காலில் போய் நின்றது. மின்னிடம் மெதுவாக ஏதோ கேட்டார். மின் விழித்தார். அந்தம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குனிந்து ஒரு பூட்ஸை உருவினார், அடுத்ததையும் உருவினார். சில்லென்ற சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று மறுபடி கும்பிட்டார். அவர் கேட்டது எனக்கு அப்போதுதான் விளங்கியது: சம்பந்தி வீட்டை முதல்முதலாகப் பார்க்க வரும்போது மரியாதைக்காக வெறுங்காலோடு வருவது உங்கள் ஊர் வழக்கமா?

நைனாவிடம் சொன்னேன்.

"ஐயையோ! குளிர்ல நிக்கறாங்க பாரு, அந்தம்மாவ போட்டுக்க சொல்லுமா!" என்று கத்திக்கொண்டே அவர் இரண்டே தாவலில் கீழே இறங்கிவிட்டார். இறங்க மாட்டேன் என்றது அவருக்கு ஞாபகமே இல்லை. இருவரும் எதிரெதிரே வெறுங்காலோடு நின்று, ஒரு ஜோடி பூட்ஸை நீங்கள் போடுங்கள் நீங்கள் போடுங்கள் என்று ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் மின்னிடம் உண்மையைச் சொன்னேன், மின் அம்மாவிடம் சொன்னார். அந்தம்மா அந்த பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். பிறகு அவர்கள் வந்திருந்த வேனின் பின்பக்கம் போய், பூக்கட்டுகளுக்கு அடியிலிருந்து பெரிய ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடியை எடுத்து வந்தார். மின்னின் அப்பா போட்டிருந்தது என்றார். நைனா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வீட்டு வாசலில் வரிசையாகச் செருப்புகள். எல்லோரும் கழற்றிவிட்டு உள்ளே போனோம். நைனா கழற்றினார், நின்றார், யோசித்தார். சட்டைப் பையிலிருந்து அந்த பிளாஸ்டிக் பையை எடுத்துப் பிரித்து, பூட்ஸை அதில் திணித்து, தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்துவிட்டார். ஒரு கக்கத்தில் பட்டுப்புடவை, இன்னொன்றில் பூட்ஸ். அந்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். நைனா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ராத்திரியெல்லாம் அடக்கிவைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் அவரிடமிருந்து வெடித்தது. சிரித்து ஓய்ந்த பிறகு புடவையை அந்தம்மாவின் கையில் கொடுத்தார். பூட்ஸைப் பையிலிருந்து எடுத்து, வாசலுக்குத் திரும்பிப் போய், மற்ற செருப்புகளுக்குப் பக்கத்தில் ஜோடி சேர்த்து வைத்தார்.

"இங்க வுடலாம்மா. இது எங்கயும் கெளம்பி போவாது."

ஊரிலிருந்து அம்மா போன் செய்தபோது என்ன ஆச்சு என்று கேட்கிற சத்தம் எனக்கே கேட்டது. "டிக்கெட் கிழிச்சாச்சி" என்றார் நைனா. நான் சமையலறைக்குள் ஓடிப்போய் அழுதேன்.

கடைத்தெருவில் வாங்கிய சாதாரணச் செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் ஊர் திரும்பினார். பூட்ஸ் டாலாட் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. காஞ்சிபுரத்து சம்பந்தி வரும்போது வேண்டும் என்று மாமியார் அதை யாரையும் தொட விடுவதில்லை. வாசலைக் கழுவும்போது நகர்த்திவிட்டு, பழைய இடத்திலேயே வைக்கிறார். நான்கு வருஷத்துக்கு முன்னால் விமானம் ஏறிய அன்று பிள்ளையார்பாளையத்து வாசலில் நான் விட்டுவந்த பழைய செருப்பும் அங்கேயேதான் இருக்கிறதாம். கோலம் போடும்போது அம்மா அதை ஒரு பக்கம் நகர்த்துகிறாள், போட்டு முடித்ததும் மறுபடி வாசலைப் பார்த்து ஜோடி சேர்த்து வைக்கிறாள்.