பிரசிடெண்ட்டின் வீட்டுக்காரர்

ஊராட்சித் தலைவியைப் பேட்டி காணப் போய், அவருடைய கணவரைப் பேட்டி கண்டுவிட்டு வந்த அறிவாளி நான். மறுபடி ஒரு பெண்ணைப் பிரதமராக்க மக்கள் தயாரா என்று கட்டுரை எழுதும் வேகத்தில் ஒரகடம் பக்கம் போயிருந்தேன். "பிரசிடெண்ட் எங்கே?" என்றால் டீக்கடையில் எல்லோரும் அங்கே உட்கார்ந்திருந்த அந்தக் கணவரையே கை காட்டினார்கள். நானும் மறுக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளைச் சட்டை, மை தீட்டிய மீசை, பாக்கெட்டில் பச்சை மைப் பேனா. மனைவி ஜெயித்ததை "நாங்க ஜெயிச்சோம்" என்றுதான் சொல்வார். அன்று முகம் தொங்கிப்போயிருந்தது. கம்பெனி லாரிகள் ஊர்ச் சாலையை அடைத்து நிற்பதைப் பற்றிக் கூட்டம். கணவன்மார் உள்ளே வரக்கூடாது என்று புது அதிகாரி சொல்லிவிட்டாராம். அந்தம்மா தனியாகப் போயிருந்தார்.

"அது தனியா இன்னா சார் பேசும்?" என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

நான் என் கேள்வியைப் போட்டேன்.

"பொம்பள பிரதமரா? தாராளமா வரட்டும் சார். ஆனா அந்தம்மா வூட்டுக்காரருக்கு இந்தி தெரிஞ்சிருக்கணும். இல்லன்னா டெல்லில யாரு பேசறது?"

சிரிக்கவே இல்லை மனுஷர். அதற்குள் மனைவியிடமிருந்து போன். நாளையிலிருந்து லாரிகள் வேறு வழியில் போகுமாம். எழுந்தார், சட்டையை நீவிக்கொண்டார், கடை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்:

"லாரிய மாத்திட்டோம்!"

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை.

"அப்ப நான் பிரதமராக முடியாது. உங்களுக்குத்தான் இந்தி வராதே" என்றாள்.