மஞ்சள் பூசிய எல்லைக்கல்

முழங்கால் உயரம்கூட இல்லாத கல் அது. அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோ பக்கம் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்டில், கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய புதருக்குள் கிடந்தது. தொண்ணூறுகளில் எங்கள் முதல் காரை வாங்கிய அன்று, பிள்ளையார் இல்லாமல் சிதறுகாய் எப்படி உடைப்பது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். என் கணவர் முணுமுணுத்துக்கொண்டே புதரை வெட்டினார். நான் பாசியைச் சுரண்டி, கழுவி, மஞ்சளைக் குழைத்துப் பூசிக் குங்குமமும் வைத்தேன்.

தேங்காயை ஓங்கியபோது மெயின்டனன்ஸ் அங்கிள் வந்துவிட்டார். குழாய் ஒழுகினாலும் ஹீட்டர் நின்றாலும் ஓடிவரும் வெள்ளைக்காரக் கிழவர்.

“போச்சு! அவரு கம்ப்ளெய்ன்ட் பண்ணா லீஸ் கேன்சல்தான். உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?” என்றார் கணவர்.

அங்கிள் எங்களைப் பார்க்கவே இல்லை. கல்லின் முன் மண்டியிட்டார். நான் விரிசல் என்று நினைத்த கோடுகளில் மஞ்சள் இறங்கி, எழுத்துகளாகத் தெரிந்தன. விரலால் தடவி வாசித்தார்: “தார்ன்வெல்.”

பிறகுதான் சொன்னார். அந்த இடத்தில் முன்பு ஒரு சிற்றூர் இருந்ததாம். அவர் பிறந்த ஊர். கட்டடங்கள் வந்ததும் பெயரே அழிந்துபோனது. புதிதாகப் போடும் சாலைக்காவது அந்தப் பெயரை வையுங்கள் என்று அவர் கேட்க, அப்படி ஓர் ஊர் இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று நகராட்சியில் கேட்டார்களாம். சிறுவயதில் பார்த்த எல்லைக்கல் புல்டோசரில் போய்விட்டது என்றே நினைத்திருக்கிறார். அடுத்த வாரம் சாலைக்குப் பெயர் முடிவுசெய்யும் கடைசிக் கூட்டம். “ஐ டோல்ட் தெம்” என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

அது இங்கிலாந்தில் அவர்கள் முன்னோர் வாழ்ந்த கிராமத்தின் பெயராம். தார்ன் என்றால் முள், வெல் என்றால் கிணறு; முள்மரத்தடியில் ஒரு கிணறு. அந்தத் தண்ணீரைக் குடித்த யாரோ ஒருவர் பெயரை மட்டும் கடல் தாண்டிக் கொண்டுவந்து கல்லில் வெட்டியிருக்கிறார். நான் கிணத்துக்கடவுக்காரி. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கார்ப்பெட்டும் பார்க்கிங்குமாக முந்தாநாள் முளைத்த தேசம் என்றல்லவா இதை நினைத்திருந்தேன்!

மஞ்சளைத் துடைக்கப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார். குங்குமப் பொட்டோடேயே போட்டோ எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனார்.

போன மாதம் மகள் தன் புதுக் காரில் என்னை அங்கே அழைத்துப் போனாள். “அம்மா, இஸ் திஸ் த ரோடு?” என்றாள். பெயர்ப்பலகையில் தார்ன்வெல் என்றிருந்தது. அங்கிள் காலமாகிப் பல வருஷமாகிறது. கல்லைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். எழுத்துகளுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த பையனிடம், ஏன் மஞ்சள் நிறம் என்று கேட்டேன். இந்த ஊரின் பழைய வழக்கம், பெரியவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றான்.

பையிலிருந்த எலுமிச்சம்பழங்களை எடுத்து மகளின் கார்ச் சக்கரத்தடியில் வைத்தேன்.